மண்ணடுக்கும் மதுச்சாடியும்

நெய்வேலியில் வாழ்வோர்க்கு மண்ணடுக்கு என்பது நூலில் படித்து அறியவேண்டிய செய்தியன்று. சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்கும் எவரும், செம்மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருப்பதையும், அவற்றின் அடியில் பழுப்பு நிலக்கரி கரிய பட்டையாகக் கிடப்பதையும் காண்பர். மேலிருப்பது பிந்தியது, கீழிருப்பது முந்தியது. இந்த எளிய விதியே தொல்லியலுக்கும் அடிப்படை. நிலக்கரி அடுக்கு கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பேசுகிறது. தொல்லியல் அடுக்கு சில நூற்றாண்டுகளைப் பேசுகிறது. அளவில்தான் வேறுபாடு, படிக்கும் முறையில் வேறுபாடு இல்லை.

நெய்வேலியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் தென்னந்தோப்புகளுக்கு இடையே ஒரு மேடு இருக்கிறது. அரிக்கமேடு என்பது அதன் பெயர். அம்மேட்டின் மண்ணடுக்கில் உடைந்து கிடந்த சில மதுச்சாடிகள், தென்னிந்திய வரலாற்றுக்குக் காலக்கணக்கு வகுக்கும் கருவியாயின. பழந்தமிழரின் விருந்தில் யவனர் மது எத்தகைய இடம் பெற்றிருந்தது, அதனைக் கொணர்ந்தவர் யாவர், பருகியவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வோர், பாட்டையும் ஓட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பாட்டில் ஒரு கிண்ணம்

புறநானூற்றின் 56ஆம் பாடல், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்திப் பாடியது. மன்னனைக் கடவுளரோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தபின், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, நாள்தோறும் பருகி மகிழ்ந்து வாழ்க என்று புலவர் வாழ்த்துகிறார். யவனர் மதுவைத் தமிழ் மன்னன் பருகியதற்குச் சங்கப் பாடல்களில் கிடைக்கும் தெளிவான சான்று இதுவே.

இப்பாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, மது வந்த கலம். கலம் என்னும் சொல் தமிழில் பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். ஆகவே நல்ல பாண்டத்தில் வந்த தேறல் என்றும், நல்ல கப்பலில் வந்த தேறல் என்றும் இருவகையாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. இரண்டாவது, அதன் மணம். மயக்கத்தைச் சொல்லாமல் மணத்தையும் குளிர்ச்சியையும் புலவர் எடுத்துரைக்கிறார். சுவை அறிந்து பருகும் வழக்கம் அரசவையில் இருந்தது என்பதற்கு இது குறிப்பாகும். மூன்றாவது, அது திராட்சை மது என்று பாடல் சொல்லவில்லை. யவனர் நாட்டு மது என்பதால் அதனைத் திராட்சை மது என்று கொள்கிறோம். இக்கருத்துக்கு வலுவூட்ட மண்ணுக்குள்தான் சான்று தேடவேண்டும்.

யவனர் தேறல் வந்தமையால் தமிழர் மது அறிந்தனர் என்று எண்ணுதல் பிழை. கள், நறவு, பிழி, மட்டு, தோப்பி, தேறல் எனப் பல பெயர்கள் வழங்கியதே, பலவகை மதுக்கள் இருந்தமையைக் காட்டும். தெளிந்தது என்னும் பொருளிலேயே தேறல் என்னும் பெயர் அமைந்தது. மூங்கிற் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலை மலைவாழ்நர் விருந்தினர்க்கு அளித்தனர். அரிசிக் களியை ஆறவைத்து, நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு வடித்த மதுவைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை செய்முறையோடு கூறுகிறது. முளையின் துணையால் அரிசி மாவுப்பொருள் இனிப்பாகி, அவ்வினிப்பு நொதித்து மதுவாகும் என்னும் வேதியியல் உண்மை, அக்கால இல்லத்தரசியரின் கைப்பழக்கத்தில் இருந்தது.

அரிக்கமேட்டுக்கு வடக்கே உள்ள மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக அறிஞர் பலர் கருதுவர். அங்கே பரதவர், நாட்பட்டு முதிர்ந்த தேறலையும் சுட்ட மீனையும் பாணர்க்கு அளித்ததாக அந்நூல் கூறுகிறது. ஆகவே யவனர் மரக்கலம் வந்த அதே கடற்கரையில், உள்ளூர்ப் பழந்தேறலும் விருந்தில் இருந்தது. சிறிதளவே கள் கிடைத்தால் புலவர்க்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் உடனிருந்து பருகுவான் என்று அதியமானை நினைந்து ஔவையார் பாடியதும், மது அக்காலத்தில் நட்பின் அளவுகோலாக இருந்ததைக் காட்டும். யவனர் தேறல் இந்தப் பழைய விருந்து மரபுக்குள் வந்து சேர்ந்த புதுப்பொருளே அன்றி, புதிய மரபைத் தொடங்கிவைத்த பொருள் அன்று.

அலமாரியில் ஒரு கைப்பிடி

அரிக்கமேட்டைப் பற்றிய முதற்குறிப்பு, 1769ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்வதை நோக்குவதற்காகப் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீலின் எழுத்தில் காணப்படுகிறது. மேகம் மறைத்தமையால் அவர் வானில் காணவந்ததைக் காணவில்லை. ஆற்றங்கரையில் பழைய செங்கற் சுவர்களைக் கண்டார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மேடு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1930களின் பிற்பகுதியில் பேராசிரியர் ழுவோ துப்ராய் அங்குக் கிடைத்த மணிகளையும் செதுக்குக் கற்களையும் திரட்டி, இவ்விடம் ரோமானியத் தொடர்புடையது என்று அறிவித்தார். 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர்கள் சிறு அளவில் தோண்டினர்.

1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டே சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்தார். அங்கிருந்த அலமாரி ஒன்றில் உடைந்த சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கண்ணில் பட்டன. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடியை நன்கு அறிந்த அவர்க்கு அதனை இனங்காண நெடுநேரம் ஆகவில்லை. அது புதுச்சேரிப் பகுதியிலிருந்து வந்தது என அறிந்ததும், அவர் உடனே அங்குச் சென்றார்; இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளில் செய்யப்பட்ட சிவந்த அரிட்டைன் பாண்டத்தின் ஓடுகளை அங்குக் கண்டார். 1945ஆம் ஆண்டு, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில், இந்திய மாணவர்களுக்கான பயிற்சியாகவும் அமைந்த புகழ்பெற்ற அகழாய்வு நடைபெற்றது. அதன் அறிக்கை 1946இல் வெளிவந்தது.

வீலர் மதுச்சாடியைத் தேடியது மதுவின்மீது கொண்ட ஆர்வத்தால் அன்று. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அந்நாளில் உறுதியான காலக்கணக்கு இல்லை. அரிட்டைன் பாண்டம் எந்தப் பட்டறையில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது இத்தாலியில் நன்கு அறியப்பட்டிருந்தது, அது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வாக்கு இழந்தது. அத்தகைய ஓடு ஒன்று ஓர் அடுக்கில் கிடைத்தால், அதே அடுக்கிலுள்ள உள்ளூர்ப் பானைக்கும் காலம் கிடைத்துவிடும். அவ்வுள்ளூர்ப் பானை வேறோர் ஊரில் கிடைத்தால், அவ்வூருக்கும் காலம் கிடைக்கும். இங்ஙனம் ஓர் அயல்நாட்டுக் கிண்ணத்தின் துண்டு, தமிழகத்தின் பல ஊர்களுக்கு நாட்காட்டியாயிற்று.

சாடி சொல்லும் செய்தி

ஆம்போரா என்று யவனர் அழைத்த அச்சாடி, நீண்ட கழுத்தும் இருபுறமும் கைப்பிடியும் கூரிய அடியும் கொண்டது. கூரிய அடி நிலத்தில் நிற்க உதவாது; கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவதற்கே அது உதவும். ரோமானிய அளவையில் ஓர் ஆம்போரா என்பது ஏறத்தாழ 26 லிட்டர். மண்சாடி நீரைக் கசியவிடும் ஆதலால், மதுச்சாடியின் உட்புறத்தில் பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசினர். உடைந்த ஓட்டின் உட்புறத்தில் கரிய பூச்சாக அது இன்றும் காணப்படும்.

அரிக்கமேட்டுச் சாடிகளை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் எலிசபெத் லைடிங் வில். அவற்றுள் மதுச்சாடிகளே மிகுதி; அவற்றுள்ளும் கோஸ் தீவின் வடிவத்தைச் சேர்ந்தவை மிகுதி. இரண்டு தண்டுகளை ஒட்டவைத்தாற் போன்ற இரட்டைக் கைப்பிடி அவ்வடிவத்தின் அடையாளம். ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் மது, கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. அத்தகைய மதுவைப் போன்மையாகச் செய்வதற்கான முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ என்னும் ரோமானியர் தம் வேளாண் நூலில் எழுதி வைத்துள்ளார். உப்பு மதுவைக் கெடாமல் காக்கும். பல மாதம் வெயிலிலும் அலையிலும் செல்லவேண்டிய மதுவுக்கு அது ஏற்ற காப்பு. கோஸ் வடிவத்தை இத்தாலி உள்ளிட்ட பிற நாட்டுக் குயவரும் பின்பற்றியமையால், வடிவத்தை மட்டும் கொண்டு ஊரைச் சொல்லிவிட முடியாது. களிமண்ணையும் ஆராய வேண்டும். இந்தியாவில் கிடைத்த சில சாடிகளின் மண்ணில் கரிய எரிமலை மணல் காணப்படுகிறது. அது நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் அடையாளம்.

எல்லாச் சாடியும் மதுச்சாடி அன்று என்பதும் இவ்வாய்வால் தெரியவந்தது. சில சாடிகளில் ஒலிவ எண்ணெய் வந்தது. சிலவற்றில் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாறு வந்தது. மதுவை எவரும் விரும்பிப் பருகலாம். ஆனால் ஒலிவ எண்ணெயையும் யவனரின் மீன்சாற்றையும் அந்நாட்டு உணவில் பழகியவரே பெரிதும் விரும்புவர். ஆகவே அவற்றைப் பயன்படுத்திய யவனர் சிலரேனும் அரிக்கமேட்டில் தங்கியிருந்தனர் எனக் கருதலாம்.

கடலின் மறுகரை

ஓட்டையும் பாட்டையும் இணைக்கும் மூன்றாவது சான்று யவனரின் எழுத்து. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்தைச் சார்ந்த பெயர் அறியப்படாத வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் பெரிப்ளூஸ் என்னும் கையேடு, எந்தத் துறைமுகத்தில் எப்பொருள் விலைபோகும் என்று கூறுகிறது. குசராத்துக் கரையிலுள்ள பாருகச்சத்தில் இத்தாலிய மது விரும்பப்பட்டது. லவோதிக்கேய மதுவும் அரேபிய மதுவும் அடுத்த நிலையின. தமிழகத்து முசிறியைக் கூறும்போதோ, மது உண்டு, ஆனால் மிகுதியாக அன்று என்கிறது. கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் மூன்று துறைமுகங்களை அந்நூல் சுட்டுகிறது. கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகேயை அரிக்கமேடு என்றும், சோபத்மாவை எயிற்பட்டினம் என்றும் பெரும்பாலோர் கொள்வர்.

செங்கடற் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்தில் 1994 முதல் நடைபெற்ற அகழாய்வு இக்கூற்றுக்குப் புதிய வெளிச்சம் தந்தது. அங்குக் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளுள் பல, சுங்கச் சாவடியில் காட்டவேண்டிய அனுமதிச் சீட்டுகள். இன்னாருடைய சரக்கைச் செல்லவிடுக என்னும் அச்சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் சரக்கு மது. இத்தாலிய மதுவும் லவோதிக்கேய மதுவும் பெயர் சுட்டியே எழுதப்பட்டுள்ளன. அதே பெரனிகேயில் 1999இல், இந்தியாவில் செய்த ஒரு பெருஞ்சாடியினுள் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. மது இங்கே வந்த வழியும் மிளகு அங்கே சென்ற வழியும் ஒன்றே என்பதை இவ்விரு சாடிகளும் நேர்முகமாகக் காட்டுகின்றன.

வியன்னாவில் பாதுகாக்கப்பெறும் முசிறிப் பப்பிரசு, எர்மப்பொல்லோன் என்னும் கப்பலில் சென்ற நளதம், யானைத் தந்தம், துணி முதலிய சரக்குகளைக் கணக்கிடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வாவணத்தின்படி அச்சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸைக் கொண்டுபோகிறது என்று பிளினி வருந்தியதும் நினைக்கத்தக்கது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கூறியது வெறும் கற்பனை அன்று. இவ்வணிகத்தில் பொன்னே முதன்மை, மது துணைப்பொருள். பெரிப்ளூஸ் கூறும் சிறிய அளவும், பாண்டியன் பொற்கலத்தில் பருகியதாகப் பாடல் கூறும் பெருமையும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அரிதாக வந்தமையால்தான் அது அரசனுக்கு உரியதாயிற்று.

மாறிய கணிப்பு

வீலர் தம் அறிக்கைக்கு இட்ட தலைப்பில் அரிக்கமேட்டை இந்திய - ரோமானிய வணிக நிலையம் என்றே குறித்தார். மீனவர் சிற்றூராக இருந்த இடம், யவனர் வருகையால் நகரமாக எழுந்தது என்னும் கருத்து அதனால் பரவியது. உருளைக் கோடிட்ட ரௌலட்டட் பாண்டத்தையும் அவர் அயல்நாட்டுப் பொருளாகவே முதலில் கருதினார். இக்கருத்தின்படி, தமிழகக் கடற்கரையின் நகர வாழ்வு அயலார் தந்த கொடையாகிவிடுகிறது. ஆகவே மதுச்சாடியைப் பற்றிய ஆராய்ச்சி, மதுவைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒரு மக்களின் வரலாற்றுத் தகுதியைப் பற்றியதாகவும் ஆயிற்று.

விடையும் அதே மண்ணிலிருந்துதான் வந்தது. 1947 முதல் 1950 வரை அங்கு அகழ்ந்த கஸால் என்னும் பிரெஞ்சு அறிஞர், யவனப் பொருள் எதுவும் இல்லாத முந்திய குடியிருப்பு அடுக்கைக் கண்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு நடைபெற்ற அகழாய்வு, கணிப்பை மேலும் திருத்தியது. யவனர் தொடர்பு அகஸ்டஸ் காலத்திற்கு முன்பே தொடங்கியது. ஊர் அதற்கும் முற்பட்டது. ரோமானிய வணிகம் தளர்ந்தபின்னும் ஊர் உயிரோடு இருந்தது. ரௌலட்டட் பாண்டம் இந்திய மண்ணிலேயே செய்யப்பட்டது என்பதும் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. மணி கோக்கும் தொழிலும் கண்ணாடி மணி வார்க்கும் தொழிலும் அவ்வூரின் செல்வமாக இருந்தன. யவனர் ஊரை உருவாக்கவில்லை. உருவாகியிருந்த ஊரைத் தேடி வந்தனர்.

மதுவைச் சுமந்தவர் யாவர் என்னும் வினாவுக்கும் இங்கே இடமுண்டு. கிழக்குக் கரையில் உள்ளூர்க் கப்பல்கள் ஓடியதைப் பெரிப்ளூஸே கூறுகிறது. மேற்குக் கரையில் இறங்கிய சரக்கு, உள்ளூர்க் கலங்களிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ கிழக்கே வந்திருத்தல் கூடும். செங்கடற் கரையிலுள்ள குசேர் அல் கதீமில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பானை ஒறி என்னும் சொல்லும் தமிழ் பிராமி எழுத்தில் கிடைத்துள்ளன. ஒறி என்பது பானையைத் தொங்கவிடும் உறி. தமிழ் வணிகரும் மறுகரையில் இருந்தனர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

பெருமிதம் எல்லை கடப்பதையும் மண் தடுக்கிறது. மதுச்சாடி என எண்ணப்பட்ட ஓடுகள் சில, ரோமானிய நாட்டவை அல்ல என்று ராபர்ட்டா டோம்பர் என்னும் அறிஞர் 2007இல் காட்டினார். இந்தியாவின் பல ஊர்களில் கிடைத்த அவை, மெசபொதேமியப் பகுதியிலிருந்து வந்த டார்ப்பிடோ வடிவச் சாடிகள், கைப்பிடி அற்றவை, உட்புறத்தில் பைன் பிசினுக்கு மாற்றாக நிலக்கீல் பூசப்பட்டவை, பெரும்பாலும் பிற்காலத்தவை. கரிய பூச்சைக் கண்டவுடன் யவனர் மது என்று முடிவு செய்தல் கூடாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

அண்மைய மண்

அரிக்கமேட்டின் கதை நெய்வேலிக்குத் தொலைவான கதை அன்று. கடலூரை அடுத்த காரைக்காடு - குடிகாடு பகுதியில் நடந்த அகழாய்வுகள், அங்கும் மணித் தொழிலும் ரோமானியத் தொடர்புக் காலத்துப் பாண்டங்களும் இருந்தமையைக் காட்டின. 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் அகழாய்வைத் தொடங்கியது. அங்கு ரௌலட்டட் பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் நிறைந்த இச்செம்மண் நிலம், கடற்கரைத் துறைமுகங்களின் பின்புலமாக வாழ்ந்த நிலம் என்பது இதனால் உறுதியாகிறது.

மதுவைப் போற்றிய அதே சமூகம் அதனை வினவவும் செய்தது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கிய சாதுவன், நாகர் தலைவன் விருந்தாக அளித்த கள்ளை மறுத்து அறம் உரைக்கிறான். பொற்கலமும் மறுப்பும் ஒரே இலக்கிய மரபின் இரு பக்கங்கள். வரலாற்றை எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் நடுநிலை ஆகாது.

இன்று அரிக்கமேட்டில் நிமிர்ந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் காண்போர், அவற்றை ரோமானியர் கட்டியவை என எண்ணுவதுண்டு. உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சமயத் தொண்டர் எழுப்பிய கட்டடத்தின் எச்சங்கள். பழைய ஊர் கண்ணுக்குத் தெரியும் சுவரில் இல்லை, காலடியில் இருக்கிறது. அதன் ஆற்றுப்பக்கக் கரையை நீர் அரித்து வருகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில ஓடுகள் அடுக்கிலிருந்து பெயர்ந்து ஆற்றில் விழுகின்றன. அடுக்கிலிருந்து பெயர்ந்த ஓடு வெறும் ஓடே. அது எதற்கு மேலிருந்தது, எதற்குக் கீழிருந்தது என்று சொல்ல அதனால் இயலாது.

பாண்டியன் கையிலிருந்த பொற்கலம் எங்குப் போயிற்று என எவரும் அறியார். அவனுக்குத் தேறல் சுமந்த மண்சாடியின் துண்டுகள் மட்டும் நமக்கு எஞ்சியுள்ளன. பொன் உருக்கப்பட்டு வேறு வடிவம் கொள்ளும். சுட்ட மண் தன் வடிவத்தையும் தன் இடத்தையும் விடுவதில்லை. அந்த இடத்தைக் காத்தல் சுட்ட மண்ணின் கடமையன்று. அதன்மேல் வாழ்வோரின் கடமை. அடுக்கடுக்காக மண்ணை அகற்றிப் பழகிய ஊரினர்க்கு இது பிறரினும் நன்றாகவே விளங்கும்.